ஒன்பதாம் வளைவில் கண்ணடித்த விளக்கு

ஜூன் 3

ஏழு கடலையும் எஞ்சின் அறையிலிருந்தே ஆளும் என் மருமகள் ஸ்பானருக்கு,

மாமன் எழுதிக்கொள்வது. இங்கே உன் அம்மா நலம், அவளுடைய கோபம் அதைவிட நலம், என் இடது முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் கேட்கிறது. நீ எப்படி? சாப்பிட்டது வயிற்றில் தங்குகிறதா, மீன்களுக்குப் போகிறதா?

இன்று தொடங்கி உனக்கு ஒரு கதை சொல்லப் போகிறேன். தலையில் கைவைத்துச் சத்தியம் செய்கிறேன் (என் தலைதான், பயப்படாதே): இதை உலகத்தில் ஒருவரும் நம்பப் போவதில்லை. பக்கத்தில் நின்று பார்த்த எனக்கே நம்பிக்கை வரவில்லை.

உன் சிவப்புக் காருக்கு எஞ்சின் கிடைத்துவிட்டது! போன வருஷம் மலைப் பந்தயத்தில் ஏழாவது வளைவில் புகை கக்கிப் படுத்து, அத்தனை பேர் சிரிக்க உன்னை வண்டி தள்ளவைத்ததே அந்த நாலு சிலிண்டர் நோஞ்சான், அதை நேற்று இறக்கிவிட்டேன். புதியது ஆறு சிலிண்டர். சங்கிலி போட்டுத் தூக்கினேன். எஞ்சின் மேலே வரவில்லை, ஷெட்தான் ஒரு முழம் கீழே இறங்கியது.

எங்கிருந்து பிடித்தீர்கள் என்று கேட்பாய். அமரர் ஊர்தியிலிருந்து. முகத்தைச் சுளிக்காதே. பன்னிரண்டு வருஷம் ஓடியும் மணிக்கு இருபது கிலோமீட்டரைத் தாண்டாத எஞ்சின் உலகத்தில் வேறெங்கே கிடைக்கும்? உள்ளே ஒரு கீறல் இல்லை. அதில் போனவர்களில் ஒருவர்கூட இன்றுவரை குறை சொன்னதில்லை. உன் அம்மாவிடம் ஊர்வலக் காரில் இருந்தது என்று சொல்லியிருக்கிறேன். பொய்யா அது?

நவம்பர் 14 மாலை நீ வந்து இறங்குகிறாய். 15 தூங்குகிறாய். 16 பந்தயத்தில் ஜெயிக்கிறாய். மற்றதை என்னிடம் விடு.

உடம்பைப் பார்த்துக்கொள். கடலையும் கொஞ்சம் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
எஞ்சின்களின் ஏகச் சக்கரவர்த்தி,
உன் மாமன்

*

ஜூன் 25

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். மூன்று நாளாகக் கடல் அமைதி, அதனால் வயிறும் அமைதி. முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா, இல்லை எண்ணெய் போடுவதெல்லாம் எஞ்சினுக்கு மட்டும்தானா?

கடிதத்தை மூன்று முறை படித்தேன். எஞ்சின் எத்தனை கிலோ என்று அதில் எங்கேயும் இல்லை.

மாமா, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். எனக்கு நடுவில் இருப்பது ஒரே நாள். வண்டியைப் பிரித்துப் பார்க்க நேரமில்லை. அந்த மலையில் இருபத்துமூன்று வளைவு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமேயில்லை. உங்கள் வார்த்தையை நம்பித்தான் நான் மிதிக்கப் போகிறேன். நீங்களோ ஒரு தேங்காய் உடைந்தால் ஒன்பது வீடு இடிந்தது என்று சொல்கிற ஆள். இந்த ஒரு வேலைக்காவது கதை வேண்டாம். பழையதைவிட எவ்வளவு கனம்? பிரேக்கை மாற்றுகிறீர்களா? ஆறு சிலிண்டருக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப் பெரிதாக இருக்குமே, ஸ்டியரிங்கில் இடிக்காதா?

நேற்று அம்மாவிடம் ஃபோனில் உங்களைக் கூப்பிடச் சொன்னேன். "அவன் வண்டிக்கு அடியில கெடக்கான்" என்றாள். பக்கத்திலிருந்து "ஆமா, அடியிலதான் கெடக்கேன்னு சொல்லு" என்று உங்கள் குரல் கேட்டது.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

ஸ்பானர்

*

ஜூலை 15

உண்மை விளம்பிகளின் தலைவிக்கு,

நலம்தானே? இங்கே எல்லோருக்கும் சளி, என்னைக் கண்டால் மட்டும் சளிக்குப் பயம்.

எண் கேட்டாய். இந்தா. பழையதைவிட ஐம்பத்தெட்டு கிலோ அதிகம். இறைச்சிக் கடைத் தராசில் வைத்து எடை போட்டேன், கடைக்காரர் பழக்கதோஷத்தில் எலும்பு நீக்கவா என்று கேட்டார். முன் பிரேக்கைப் பெரியதாக மாற்றியாயிற்று. மிதித்தால் வண்டி நிற்கும், எதிரே வருகிற வண்டியும் நிற்கும், வானத்தில் போகிற பறவை ஒரு நொடி யோசிக்கும்.

சம்ப் இடித்தது உண்மைதான். எஞ்சினை இறக்கி உட்காரவைத்தால் சம்ப்பின் முன்வயிறு நேராக ஸ்டியரிங் மேல் உட்கார்ந்தது. நம் வெல்டர் மத்தாப்பு குனிந்து பார்த்தான்.

"அண்ணே, ஒண்ணு ஸ்டியரிங் வேணும், இல்ல ஆயில் வேணும். ரெண்டும் வேணும்னா கஷ்டம்."

"ரெண்டும் வேணும்டா. எம் மருமக வளைவுல திரும்பவும் செய்யணும், வீட்டுக்கு வரவும் செய்யணும்."

"அப்ப வெட்டுவோம்."

வெட்டினோம். முன்வயிறை அகற்றி, பின்பக்கம் புதிதாக ஒரு வயிறு வைத்துப் பற்றவைத்தான். ஆயில் உறிஞ்சும் குழாயையும் பின்னால் நீட்டிவிட்டோம். மனிதருக்கும் இப்படி வயிற்றை இடம் மாற்ற முடிந்தால் என்னிடம் ஊரே வரிசையில் நிற்கும்.

நன்றாகச் சாப்பிடு. தூக்கத்தில் எஞ்சினோடு பேசாதே.

சம்ப் அறுவைச் சிகிச்சை நிபுணர்,
மாமன்

*

ஆகஸ்ட் 9

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். சளி இல்லாத ஒரே ஆளும் நலம் என்று நம்புகிறேன்.

முதல்முறையாக உங்கள் கடிதத்தில் ஓர் எண் இருந்தது. ஐம்பத்தெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். எஞ்சின் அறையில் கூட வேலை செய்பவர்களிடம் காட்டினேன். "உங்க மாமா பெரிய ஆளு போல" என்றார்கள். பெருமையாகத்தான் இருந்தது.

ஒரே ஒரு கேள்வி. சம்ப்புக்குள் ஆயில் இப்படியும் அப்படியும் ஓடாமல் இருக்கக் குறுக்கே தடுப்புத் தகடுகள் இருக்குமே, வெட்டும்போது அவற்றை எடுத்திருப்பீர்கள். திரும்பவும் வைத்துவிட்டீர்கள்தானே? வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கினால் குழாய் காற்றைத்தான் உறிஞ்சும். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பஸ் டெப்போவில் முப்பது வருஷம் பார்த்தவர். ஆனாலும் "வைத்துவிட்டேன்" என்று ஒரு வார்த்தை எழுதிவிடுங்கள்.

அம்மாவின் ரத்த அழுத்தம் எவ்வளவு? அதையும் எண்ணில்.

ஸ்பானர்

*

செப்டம்பர் 6

என் கப்பற்படைத் தளபதிக்கு,

எல்லோரும் நலம். உன் அம்மாவின் ரத்த அழுத்தம் நேற்றுவரை நலம். நேற்று அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனேன்.

சாவியைத் திருகியதும் எஞ்சின் ஒரு கர்ஜனை செய்தது பார், தெருவில் நின்ற வண்டிகளெல்லாம் ஓட்டுநர் இல்லாமலே ஓரம் ஒதுங்கின. மலையடிவாரத்தில் இரண்டாவது கியர். மரங்கள் பின்னால் ஓடவில்லை, பயந்து வேரைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடின. வேகத்தில் என் நிழல் மூன்று வளைவு பின்தங்கி, மேலே வந்து சேர்ந்தபோது அதற்கு மூச்சு வாங்கியது.

உன் அம்மா பக்கத்து சீட்டில் கண்ணை மூடியவள் வாயை மூடவில்லை.

"டேய், மெதுவா போடா! இது என்ன உங்க அப்பன் போட்ட ரோடா?"

"நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே அப்பன்தானே அக்கா."

"அதான் சொல்றேன். அந்த மனுஷன் சைக்கிள்லகூட மணி அடிச்சுட்டுத்தான் திரும்புவார்!"

ஒன்பதாவது வளைவில் டாஷ்போர்டிலிருந்த ஆயில் எச்சரிக்கை விளக்குகூட என் அழகைப் பார்த்து ஒருமுறை கண்ணடித்தது. நான் கல்யாணமானவன் என்று சொன்னதும் அணைந்துவிட்டது.

திரும்பி வந்ததும் மத்தாப்பு வாய் தவறி எஞ்சினின் பூர்வீகத்தை உளறிவிட்டான். "பொண வண்டி எஞ்சினா? அடப்பாவி, அதுலயா என்னை உக்கார வச்சே?" என்று கரண்டியோடு வந்தாள்.

"நீதான் அக்கா முதல் ஆளு. இதுக்கு முன்னாடி அதுல போன யாரும் திரும்பி வந்து சண்டை போட்டதில்ல" என்றேன். கரண்டி வளைந்துவிட்டது.

காற்று மாறும் காலம். காதைப் பொத்திக்கொள்.

மலைகளை மண்டியிடவைத்த
மாமன்

*

செப்டம்பர் 27

அன்புள்ள மாமாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு நாளாகத் தூங்கவில்லை.

முந்தாநாள் நல்ல காற்று. கப்பல் இடப்பக்கம் சாய்ந்து, எழ மனமில்லாததுபோல அப்படியே நின்றது. அப்போது ஜெனரேட்டரின் ஆயில் அலாரம் அடித்தது. ஆயில் குறையவில்லை. சாய்ந்த பக்கம் ஒதுங்கிவிட்டது, அவ்வளவுதான். கப்பல் நிமிர்ந்ததும் அலாரம் நின்றது. நான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உங்கள் கடிதம் ஞாபகம் வந்தது.

அந்தக் கடிதத்தைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன், மாமா. மரம் ஓடியது பொய். நிழலுக்கு மூச்சு வாங்கியது பொய். விளக்கு கண்ணடித்தது?

தகட்டைப் பற்றிக் கேட்டேன். அதற்கும் பதில் இல்லை. கரண்டி வளைந்தது வரை எழுதியிருக்கிறீர்கள், அது இல்லை.

ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று. ஒரு கார்டு போதும்.

அம்மாவையும் உங்களையும் நினைத்துக்கொண்டிருக்கும்,
ஸ்பானர்

*

அக்டோபர் 12

மாமாவுக்கு,

நலமா? அதுகூடத் தெரியவில்லை.

கார்டு வரவில்லை. துறைமுகத்திலிருந்து இரண்டு முறை ஃபோன் செய்தேன். முதல் முறை நீங்கள் கடைக்குப் போயிருந்தீர்கள். இரண்டாவது முறையும் அதே கடை. அம்மாவிடம் விளக்கைப் பற்றிக் கேட்டேன். "எந்த வெளக்கு? நான் கண்ணைத் தொறந்தாத்தானே! ஆனா ஒண்ணுடி, அவன் இப்பல்லாம் சரியா சாப்பிடறதில்ல. ஷெட்ல போய் சும்மா நிக்கறான்" என்றாள்.

ஏன் சும்மா நிற்கிறீர்கள்?

ஸ்பானர்

*

அக்டோபர் 15

அன்புள்ள மருமகளுக்கு,

நலம். உன் நலம் வேண்டும்.

விளக்கு இப்போது எரிவதில்லை. வண்டி தயாராக இருக்கிறது. நீ வா.

மாமன்

*

அக்டோபர் 24

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். நீங்கள் நலமில்லை என்று தெரிகிறது. பன்னிரண்டு வயதிலிருந்து உங்கள் கடிதங்களைப் படிக்கிறேன். ஒரு பொய்யாவது இல்லாத கடிதம் இதுதான் முதல்.

ஒரு செய்தி. என் லீவு ரத்தாகிவிட்டது. மாற்று ஆள் வரவில்லை, கப்பல் நேராக அடுத்த சரக்குக்குப் போகிறது. ஜனவரிவரை நான் வரமுடியாது. பந்தயத்திலிருந்து பெயரை எடுக்கச் சொல்லிவிட்டேன். இந்த வருஷம் இல்லை, அவ்வளவுதான். வண்டியை மூடி வைத்துவிடுங்கள்.

இனி அவசரமும் இல்லை, ஏமாற்றமும் இல்லை. ஆகவே சொல்லுங்கள். "இப்போது" எரிவதில்லை என்றால் என்ன அர்த்தம்?

ஸ்பானர்

*

அக்டோபர் 31

அன்புள்ள ஸ்பானருக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. உன் கடிதம் வந்த அன்று மூன்று தட்டு சாப்பிட்டேன். உன் அம்மா பயந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். உன் லீவு போனதற்குச் சந்தோஷப்பட்ட ஒரே மாமன் நான்தான். திட்டு, ஆனால் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டு.

விளக்கு எரிந்தது. ஒருமுறை கண்ணடித்தது என்று எழுதினேன். ஒருமுறை இல்லை. ஒன்பதாவது வளைவு இடப்பக்கம் நீளமாகத் திரும்புமே, அங்கே மூன்று எண்ணும் நேரம். பதினான்காவது வளைவில் மறுபடி. உன் அம்மா கத்திக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்தச் சிவப்புப் புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து அதை வேடிக்கையாக எழுதினேன். வேடிக்கையாக எழுதினால் வேடிக்கையாகிவிடும் என்று ஒரு நினைப்பு.

தகடு வைக்கவில்லை. வெட்டியபோது நாலு தகடும் கழன்று வந்தன. மத்தாப்பு கேட்டான்:

"இதையும் திரும்ப ஒட்டணுமா அண்ணே?"

"பொணம் போற வேகத்துல ஓடின எஞ்சின்டா. அதுக்கு எதுக்குத் தடுப்பு? தூக்கிப் போடு."

அந்த எஞ்சினை வேகமாக ஓட்டப் போவது நீ என்பது அந்த நிமிஷம் என் மூளைக்கு எட்டவில்லை. முப்பது வருஷ அனுபவம் என்று சொல்லிக்கொள்கிறேன்!

அக்டோபர் முதல் வாரம் தனியாக இன்னும் இரண்டு முறை மலையேறிப் பார்த்தேன். எரிந்தது. ஆயிலைக் கூடுதலாக ஊற்றிப் பார்த்தேன். எரிந்தது. சம்ப்பைக் கழற்ற எஞ்சினை இறக்க வேண்டும். இறக்கி, தகடு வைத்து, ஏற்றி, சரிபார்க்க என் ஒருவனுக்கு ஆறு வாரம். பந்தயம் போய்விடும். போன வருஷம் நீ வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது என்னைப் பார்த்துச் சிரித்தாய். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கடைசியாக ஏறிய அன்று மலையிலிருந்து இறங்கியதும் டாஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டு அந்த பல்பைக் கழற்றிவிட்டேன்.

அதனால்தான் இப்போது எரிவதில்லை. நான் எழுதிய அந்த வரியில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. ஆயுளில் நான் சொன்ன பொய்களிலேயே மோசமானது அதுதான்.

பதினான்காம் தேதி நேரில் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். நிஜமாகவே சொல்லியிருப்பீர்களா என்று மட்டும் கேட்காதே.

உன் கப்பல் பத்திரமாக நிமிர்ந்தே போகட்டும்.

மாமன்

*

நவம்பர் 6

மாமாவுக்கு,

நலம். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

என் லீவு ரத்தாகவில்லை. மாற்று ஆள் முந்தாநாளே வந்துவிட்டார், குண்டாக இருக்கிறார், நன்றாகப் பாடுகிறார். பதினான்காம் தேதி மாலை சொன்னபடி வருகிறேன். போன கடிதத்தில் எழுதியது பொய். உங்களிடம் உண்மையை வாங்க வேறு வழி தெரியவில்லை. பெரிதாக ஏதாவது கதை கட்டியிருந்தால் கண்டுபிடித்திருப்பீர்கள். சின்னதாகச் சொன்னேன், நம்பிவிட்டீர்கள்.

அப்போது பந்தயத்திலிருந்து விலகவில்லை. இன்று காலை ஃபோன் செய்து விலகினேன். இது நிஜம். அங்கே பட்டியல் எழுதுபவர் "போன வருஷம் வண்டி தள்ளினவங்கதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பல்பைப் பற்றி எழுத நினைத்து நாலு தாள் கிழித்துவிட்டேன். எங்கள் எஞ்சின் அறையில் அலாரத்தின் வாயை அடைப்பவனை அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள். உங்களை எங்கே கொண்டுபோய் இறக்குவது? ஏற்கெனவே எங்கள் வீட்டில்தான் இருக்கிறீர்கள்.

அந்த வளைவில் ஆயில் கிடைக்காமல் எஞ்சின் இறுகி நின்றுவிட்டால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். மறுபக்கம் ஒன்றுமேயில்லை என்று முதல் கடிதத்திலேயே எழுதினேன். உங்களுக்குத் தெரியும். அதனால்தான் சாப்பிடாமல் நின்றிருக்கிறீர்கள். அது எனக்கும் தெரியும், அதனால்தான் முழுக் கோபம் வரமாட்டேன் என்கிறது.

பத்து நாள் லீவு. எஞ்சினை நாம் இருவருமாக இறக்குவோம். தகடு எப்படி இருக்க வேண்டும் என்று படம் வரைந்து இணைத்திருக்கிறேன். நான் வரும்வரை நீங்கள் தனியாக எதையும் தூக்கக் கூடாது.

அம்மாவிடம் நான் பொய் சொன்னதைச் சொல்லாதீர்கள். வளர்ப்புச் சரியில்லை என்பாள்.

ஸ்பானர்

*

நவம்பர் 13

மாமனையே கவிழ்த்த மகா மோசக்காரிக்கு,

இது தபாலில் வராது. நாளை நீ இறங்கும் துறைமுக அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வருகிறேன். வீட்டுக்கு வரும் வழியில் படி. வீட்டில் வைத்து உன் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வராது. இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாக இறங்கு.

என்னிடமே பொய்யா? சாதாரண லீவு ரத்து! அதில் ஒரு சுறா உண்டா, சூறாவளி உண்டா? இவ்வளவு மட்டமான பொய்யில் விழுந்தேன் என்று வெளியே தெரிந்தால் என் மானம் போய்விடும். கடிதம் வந்த அன்று முழுக்க உன்னைத் திட்டினேன். திட்டுகளின் கனத்தில் நாற்காலி உடைந்தது.

நீ சொல்லி நான் என்றைக்குக் கேட்டிருக்கிறேன்? எஞ்சினை இறக்கியாயிற்று. மத்தாப்பு ஒரு விரலால் தூக்கினான், மறு கையால் காபி குடித்தான். சம்ப்பைத் திறந்ததும் பன்னிரண்டு வருஷப் பயணிகளும் வரிசையாக வெளியே வந்து, "எங்களை மெதுவாகத்தானே கொண்டுபோனார்கள், இந்தப் பெண்ணுக்கு என்னய்யா அவசரம்?" என்று கேட்டுவிட்டுக் கலைந்து போனார்கள். எஞ்சினுக்குள் சுழலும் கிராங்குத் தண்டைத் தாங்கும் பேரிங்குகளைக் கழற்றினோம். பிறை மாதிரித் தகடு, மேலே வெள்ளை உலோகப் பூச்சு இருக்க வேண்டியது. மூன்றாவது சிலிண்டருடையதை எடுத்தேன். காற்றில் பறந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் அதன் வழியே பேப்பர் படிக்கலாம், விளையாட்டுப் பக்கம் முழுக்கப் படித்து முடித்தேன். அதன் முனகல் ஒன்பது தெருவுக்குக் கேட்டு, ஆம்புலன்ஸ் ஒன்று தானாகவே வந்து வாசலில் நின்றது.

புதுப் பேரிங் வந்துவிட்டது. தகடு நீ வரைந்தபடியே தயார். பல்பும் மாட்டியாயிற்று. பத்து நாளில் ஏற்றுவோம். அடுத்த வருஷம் இருக்கிறது.

இந்தக் கடிதத்தில் உள்ள எதையும் நம்பாதே. நாற்காலி உடையவில்லை, ஆம்புலன்ஸ் வரவில்லை, யாரும் யாரோடும் பேசவில்லை. ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். அந்த மூன்றாவது பேரிங்கில் வெள்ளை முழுக்கப் போய் அடியில் இருந்த செம்பு தெரிந்தது. இன்னொரு முறை மலையேறியிருந்தால் போதும், எஞ்சின் இறுகியிருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஷெட் தரையில் உட்கார்ந்தவன்தான், உன் அம்மா வந்து கையைப் பிடித்துத் தூக்கும்வரை என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

மாமன்